யாக்-1: வர்ணத்திலும் இருக்கு பொறியியல்

போர் விமானம் என்றால் எஞ்சின், வேகம், துப்பாக்கி என்றுதான் பேசுவோம். பெயின்ட்டா, அது அழகுக்கு அடிக்கிறதுதானே என்று விட்டுவிடுவோம். இரண்டாம் உலகப் போரில் பறந்த சோவியத் விமானம் யாக்-1ஐப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

1941-ல் அதன் மேல்பக்கம் பச்சையும் கறுப்பும் திட்டுத்திட்டாக இருந்தது. மேலே பறக்கும் எதிரிக்கு விமானம் காட்டோடும் வயலோடும் கலந்து தெரியவேண்டும். அடிப்பக்கம் வெளிர்நீலம், கீழிருந்து பார்ப்பவனுக்கு அது வானம். பனிக்காலம் வந்ததும் கழுவினால் போகிற வெள்ளையை மேலே பூசினார்கள். ஆனால் அந்தப் பூச்சு சொரசொரப்பானது. காற்றின் தடை கூடி வேகம் குறைந்தது. மறைவு வேண்டுமா, வேகம் வேண்டுமா? இதுவும் டிசைன் கேள்விதான்.

1943-ல் பச்சையும் கறுப்பும் போய் இரண்டு விதச் சாம்பல் நிறம் வந்தது. பச்சை தரையோடு கலக்கும்; சாம்பல் வானத்தோடு கலக்கும்.

இன்னொரு விஷயம். யாக்-1ன் இறக்கை மரம். உடல் எஃகுக் குழாய்ச் சட்டம். அதன்மேல் முன்பக்கம் உலோகத் தகடு, பின்பக்கம் துணி. மரத்துக்கும் துணிக்கும் ஏ.எம்.டி. வகைப் பெயின்ட், உலோகத்துக்கு வேறு எண்ணெய்ப் பெயின்ட். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வெள்ளையடிக்கிற வேலை பார்க்கும் என் அப்பா, "செவுத்துக்கு அடிக்கிறத கதவுக்கு அடிச்சா நிக்காதுடா" என்பார். விமானத் தொழிற்சாலையிலும் அதே கணக்குதான்!

அடையாளம் சிவப்பு நட்சத்திரம். அதையும் இறக்கையின் மேல்பக்கம் போடாமல், அடிப்பக்கம், உடல், வால் ஆகிய இடங்களில் போட்டார்கள். மறைவுக்காக நட்சத்திரத்துக்கே இடம் பார்த்த விமானத்தில் ஒரு விவசாயியின் பெயர் பெரிதாக எழுதப்பட்டதும் உண்டு. சராத்தவ் பகுதியில் தேனீ வளர்த்த ஃபெராபொன்ட் கொலவாத்தி, 1942 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபிள் கொடுத்து ஒரு யாக்-1 வாங்கித் தந்தார். ஸ்டாலின்கிராட் முனையில் போரிட்ட விமானி எரியோமினுக்கு, கூட்டுப்பண்ணை விவசாயி கொலவாத்தி தந்தது என்று அதன் உடலில் எழுதினார்கள். அந்த விமானம் பின்னர் சராத்தவ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

நண்பர்களே, ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் வேலையைச் சின்ன வேலை என்று ஒதுக்காதீர்கள். அந்த மெல்லிய பூச்சை நம்பித்தான் ஒரு விமானி மேலே போனான்.