இதய நோயிலிருந்து மீள்பவர் எடை தூக்கலாமா?

மாரடைப்பு வந்து வீடு திரும்பியவரை நம்மவர்கள் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்க விடமாட்டார்கள். அன்பினால்தான். ஆனால் ஸ்காபரோவில் வாழ்பவருக்கு 18 கிலோ அரிசி மூட்டையும் வாசலில் குவியும் பனியும் எத்தனை நாளைக்குத் தள்ளிப்போகும்? பழக்கமற்ற தசைகளோடு ஒருநாள் திடீரென்று அவற்றைத் தூக்குவதுதான் ஆபத்து.

பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பக்கத்து ஹாமில்டன் நகரின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், உடற்கட்டு வீரர்களின் இரத்தக் குழாய்க்குள்ளேயே கருவி செருகி அளந்து 1985ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கால்களால் பெரும் எடையைத் தள்ளியபோது இரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியிருந்தது. (சாதாரண அளவு 120/80.) இறுகும் தசை தன்னூடே ஓடும் குழாய்களை நெரிக்கிறது, மூச்சைப் பிடித்து முக்கும்போது நெஞ்சுக்குள்ளும் அழுத்தம் கூடுகிறது.

அதே பல்கலைக்கழகத்தினர் பின்னர் இதய நோயாளிகளையும் அவ்வாறே அளந்தார்கள். மிதமான எடையைத் தூக்கும்போது அழுத்தம் தாங்கக்கூடிய எல்லைக்குள்ளேயே நின்றது.

இதிலுள்ள கணக்கு எளியது. ஒருவரால் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை 20 கிலோ என்றால், அந்த அரிசி மூட்டை அவர் பலத்தில் 90 சதவீதம். பயிற்சியால் உச்சம் 30 கிலோ ஆனால், அதே மூட்டை 60 சதவீதம்தான். மூட்டை மாறவில்லை, ஆனால் அழுத்தம் முன்போல் ஏறாது. தசை வலுத்தால் இதயத்தின் பாடு குறைகிறது.

2000ம் ஆண்டில் அமெரிக்க இதயச் சங்கம் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது. பொதுவான அளவுகள் இவை:

* வாரத்தில் 2 அல்லது 3 நாட்கள், 8 முதல் 10 வகைப் பயிற்சிகள். ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை.
* தொடக்கத்தில் கைகளுக்கு உச்ச எடையில் 30-40 சதவீதம், கால்களுக்கு 50-60 சதவீதம்.
* தூக்கும்போது மூச்சை விடவேண்டும், இறக்கும்போது இழுக்கவேண்டும். அடக்கவே கூடாது.

பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு பொருந்த 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். அதுவரை கைகளால் பாரம் தூக்கலாகாது. கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ, ஓய்விலும் வரும் நெஞ்சுவலியோ உள்ளவர்களுக்கு இப்பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். உச்ச எடையை வீட்டில் தனியே சோதித்துப் பார்ப்பதும் கூடாது.

இதய நோயாளி ஓய்ந்தே கிடக்கவேண்டும் என்ற எண்ணத்தை உடைத்ததில் ரொறன்ரோவுக்குப் பங்குண்டு. இங்கே மருத்துவர் டெரன்ஸ் கவனா பயிற்றுவித்த மாரடைப்பு நோயாளிகள் சிலர் 1973ல் பாஸ்டன் மாரத்தானிலேயே ஓடினார்கள். நமக்கு மாரத்தான் வேண்டாம், அரிசி மூட்டை போதும். இதய மறுவாழ்வுத் திட்டத்தில் சேர மருத்துவரின் பரிந்துரை தேவை. மாத்திரைச் சீட்டு வாங்கும்போது அதையும் கேட்டு வாங்குங்கள்.