கணிப்பொறியின் அறிகுறி விளக்குகளும் தாமதத் தொடக்கமும்

பெங்களூர் நகர மண்டபத்திற்கு அண்மையிலுள்ள எஸ். பி. சாலை, மின்னணுக் கருவிகளின் விற்பனைக்கும் பழுது பார்த்தலுக்கும் பெயர் பெற்றது. கணிப்பொறியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சென்று இணைத்துக் கொள்வோரும், ஓடாத பொறியைச் சீர்செய்யக் கொணர்வோரும் அங்கு நாடோறும் வருகின்றனர். சில்லுகளை வடிவமைக்கும் தொழிலும் இந்நகரிலேயே வேரூன்றியுள்ளது. 1985-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் இங்கு வடிவமைப்பு நிலையத்தை நிறுவியது. 2023 நவம்பரில் ஏ. எம். டி. நிறுவனம் தன் வடிவமைப்பு நிலையங்களுள் மிகப் பெரியதை இங்கு திறந்தது. எனினும், எத்துணை நுண்ணிய சில்லாயினும், அது பள்ளியின் மேசைக்கோ அலுவலகத்திற்கோ வந்து சேர்ந்தபின் அதன் நிலையைப் பயன்படுத்துவோருக்கு முதலில் அறிவிப்பவை ‘மதர்போர்டு’ எனப்படும் தாய்ப்பலகையின் ஓரத்திலுள்ள நான்கு சிறு விளக்குகளே.

இவ்விளக்குகளின் பொருளை அறியாமையால் நேரும் இழப்பு சிறிதன்று. பொத்தானை அழுத்தியதும் விசிறி சுழல்கிறது. திரை இருண்டே கிடக்கிறது. ஒரு விளக்கு மட்டும் அணையாது எரிகிறது. பலகை பழுதுற்றதென முடிவு செய்து புதியதொன்றை வாங்குவோர் உளர். விளக்கு எரிவது, தொடக்கப் பணி எந்தக் கட்டத்தில் நிற்கின்றது என்பதையே காட்டும். எந்த உறுப்பு கெட்டது என்பதை அது தானே சொல்லிவிடாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பாதி வேலையை முடித்தவராவர்.

தொடக்கத்தில் நிகழ்வன

பொத்தானை அழுத்தியவுடன் ‘பவர் சப்ளை’ பெட்டி 12, 5, 3.3 வோல்ட் மின்னழுத்தங்களை அளிக்கிறது. அவை நிலைபெற்றதும், அரை வினாடிக்குள், ‘மின்சாரம் சீராயுள்ளது’ என்னும் குறிப்பைப் பலகைக்கு அனுப்புகிறது. அதன் பின்னரே செயலி விழித்து, பலகையிலுள்ள சில்லொன்றில் பதிந்திருக்கும் ‘பயாஸ்’ என்னும் தொடக்க நிரலைப் படிக்கத் தொடங்கும். அந்நிரல் ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்துச் செல்கிறது. 1981-இல் வெளிவந்த ஐ. பி. எம். கணிப்பொறியிலும் இத்தகைய தற்சோதனை இருந்தது. குறை கண்டால் அது ஒலி எழுப்பி அறிவித்தது. இன்றைய பலகைகள் பலவற்றில் அப்பணியை விளக்குகள் ஏற்றுள்ளன.

பெரும்பாலும் இவை நான்கு: சி. பி. யு., டி. ராம், வி. ஜி. ஏ., பூட். முதலாவது செயலியையும், இரண்டாவது நினைவகத்தையும், மூன்றாவது திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும், நான்காவது இயக்க மென்பொருள் உள்ள வட்டையும் குறிக்கும். ஒரு கட்டம் சோதிக்கப்படும்போது அதன் விளக்கு எரியும். கட்டம் நிறைவுற்றால் அணையும். விளக்கின் நிறம் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். ஆதலால் நிறத்தை நம்பாது, அருகில் அச்சிட்ட எழுத்தையே படித்தல் வேண்டும்.

நினைவகம் பயிலும் நேரம்

புதிய பொறிகளில் டி. ராம் விளக்கு நெடுநேரம் எரிவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. 2020 ஜூலையில் வரையறை வெளியிடப்பட்ட டி. டி. ஆர். 5 நினைவகத்தின் தொடக்க வகைகளுள் ஒன்று, ஒவ்வொரு கம்பி வழியிலும் வினாடிக்கு 480 கோடி முறை செய்தி அனுப்ப வல்லது. அதாவது ஒரு குறிக்குக் கிடைக்கும் நேரம் வினாடியின் 480 கோடியில் ஒரு பங்கு. பலகையில் மின்குறி அந்நேரத்தில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் தூரமே செல்லும். கம்பி வழிகளின் நீளத்தில் உள்ள சிறு வேறுபாடும் குறியைப் பிந்தச் செய்யும் என்பது இதனால் விளங்கும்.

ஆகவே பொறி முதன்முறை இயங்கும்போது, மாதிரிக் குறிகளை எழுதியும் படித்தும் ஒவ்வொரு வழிக்கும் உரிய காலத்தையும் மின்னழுத்தத்தையும் தானே கண்டறிகிறது. இது ‘நினைவகப் பயிற்சி’ எனப்படும். இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். நினைவகத்தின் அளவு கூடினால் நேரமும் கூடும். திரை இருண்டிருப்பதைக் கண்டு அஞ்சி இடையில் மின்சாரத்தை நிறுத்தினால், பயிற்சி மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். ஒரு கால்மணி நேரம் பொறுத்திருப்பதால் கேடொன்றுமில்லை. கண்டறிந்த அளவுகள் சேமிக்கப்படுவதால் அடுத்த தொடக்கம் விரைவாகும். நினைவகத்தை மாற்றினாலும், பயாஸைப் புதுப்பித்தாலும், அமைப்புகளை அழித்தாலும் பயிற்சி மறுபடி நிகழும்.

விளக்கு அணையாவிடில்

பொறுத்திருந்தும் பயனில்லையெனில், சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்தி, கம்பியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு பின்வருமாறு ஆராயலாம்.

சி. பி. யு. விளக்காயின், செயலிக்கருகே செருகும் தனி 12 வோல்ட் இணைப்பு உறுதியாயுள்ளதா எனக் காண்க. டி. ராம் விளக்காயின், நினைவகப் பட்டைகளை எடுத்து, ஒன்றை மட்டும் கையேடு கூறும் துளையில், கொக்கி படியும்வரை அழுத்திச் செருகுக. வி. ஜி. ஏ. விளக்காயின், கிராபிக்ஸ் அட்டை உள்ள பொறியில் திரையின் கம்பி அவ்வட்டையிலேயே இணைந்துள்ளதா எனப் பார்க்க. பூட் விளக்காயின், வட்டின் இணைப்பையும், மறந்து செருகி விட்ட பென் டிரைவ் உண்டா என்பதையும் நோக்குக. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் குறை எதனால் நீங்கியது என்பது தெரியாது போகும்.

நாள்தோறும் கடிகாரம் பிழைபடுமாயின், பலகையிலுள்ள 3 வோல்ட் நாணய மின்கலம் தளர்ந்திருத்தல் கூடும். அதன் விலை சிறிது, மாற்றுவதும் எளிது.

விளக்குகள் அணைந்தபின் தாமதம்

நான்கு விளக்குகளும் விரைவில் அணைந்த பின்னும் பொறி மெதுவாகத் தொடங்கினால், காரணத்தைப் பலகையில் தேடுதல் வீண். விண்டோஸில் ‘டாஸ்க் மேனேஜர்’ சாளரத்தின் தொடக்கப் பகுதி, பயாஸ் எடுத்துக்கொண்ட வினாடிகளைக் காட்டும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் வகைகளில் ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்னும் கட்டளை அக்கணக்கைத் தரும். எஞ்சிய நேரம் வட்டினாலும் மென்பொருளாலும் ஆவது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில், வேண்டிய இடம் தலையின்கீழ் வர, சராசரி 4 மில்லி வினாடிக்கு மேலாகும். சுழலும் உறுப்பற்ற எஸ். எஸ். டி. வகைக்கு அதில் சிறு பங்கே போதும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைப் படிக்கும் தொடக்க வேளையில் இவ்வேற்றுமை நிமிடங்களாகப் பெருகும். தொடக்கத்திலேயே ஓடும் வேண்டாத நிரல்களைக் குறைப்பதும் நற்பயன் தரும்.

பள்ளிகளும் களநிலையங்களும் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, நாள், எரிந்த விளக்கு, ஆன நேரம், செய்த மாற்றம் ஆகியவற்றை எழுதி வருதல் நன்று. மாணவர்க்கு அதுவே ஆராய்ச்சி முறையின் முதற்பாடமாகும். உண்மையில் பழுதுற்ற பலகையை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்தல் வேண்டும். பலகை கெட்டாலும் வட்டிலுள்ள பதிவேடுகள் பெரும்பாலும் அழியாதிருக்குமாதலால், வட்டைக் கழற்றிப் பாதுகாத்த பின்னரே பொறியைக் கைவிடுதல் முறையாகும்.