உயிரணுவின் வாயில்

நம் குருதியில் உலவும் வெள்ளணுக்களுள் நிணவணு என்பதும் ஒன்று. நோய்க்கிருமிகளை இனங்கண்டு அழித்தல் இதன் தொழில். பகையில்லாக் காலத்து இது வளர்ச்சியின்றிச் சிறுத்துக் கிடக்கும். பகை தோன்றின் பருத்து, இரண்டாய், நான்காய், சில நாட்களிற் பல்லாயிரமாய்ப் பெருகும். இவ்வெழுச்சிக்கு முதற்காரணம் யாது? உட்கருவே என்று கூறுவாரும் உளர். ஆயினும் தொடக்கம் நிகழுமிடம் அணுவைப் போர்த்திருக்கும் மெல்லிய மேற்படலமே யாம்.

இதற்கோர் சான்று 1960-ஆம் ஆண்டிற் கிடைத்தது. அமெரிக்க அறிஞர் பீட்டர் நோவெல், குருதியினின்று செவ்வணுக்களை நீக்குதற்பொருட்டுச் சிவப்புப் பீன்ஸ் விதையின் சத்தொன்றைப் பயன்படுத்தினார். எஞ்சிய நிணவணுக்களோ பகையேதுமின்றியே பருத்துப் பகுபடத் தொடங்கின. அச்சத்திலுள்ள புரதம் மேற்படலத்துச் சர்க்கரைப் பொருள்களைப் பற்றி, அவ்வழியே அணுவை எழுப்புகின்றது.

இனி, இயல்பாக நிகழும் முறையைக் காண்போம். டி-அணு எனப்படும் நிணவணுவின் படலத்தில் ஏற்பிகள் பல உள. பிற அணுக்கள் ஏந்திக் காட்டும் பகைப்பொருளின் துணுக்கை இவை பற்றியவுடன், படலத்திலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பிளவுறும். அப்பிளவில் தோன்றிய துண்டொன்று அணுவினுட் சேமித்த கால்சியத்தை வெளிப்படுத்தும். சேமிப்புக் குறைந்ததும் மேற்படலத்தில் 'ஒராய்' என்னும் புரதவாயில் திறக்கும். கிரேக்கப் புராணத்தில் வானுலக வாயில் காப்போரின் பெயர் இது. அணுவின் புறத்தே கால்சியச் செறிவு அகத்தினும் ஏறக்குறைய 10,000 மடங்கு மிகுதியாகலின், அது விரைந்து உட்புகும். அதனால் கால்சினியூரின் என்னும் நொதி கிளர்ந்து, ஒரு புரதத்தை உட்கருவினுட் புகச் செய்யும். ஏனைய துணைக்குறிகளும் கூடியவழி, வளர்ச்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-2 உண்டாகும்.

இவ்வாயில் திறவாதொழியின் விளைவதென்னை? 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி இதனை விளக்கிற்று. கடுநோய்த்தொற்றுக்களால் ஓயாது வருந்திய ஒரு குடும்பத்துக் குழந்தைகளிடம் நிணவணுக்கள் எண்ணிக்கையிற் குறையவில்லை. ஆயின் ஒராய்ப் புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தது. வாயில் திறவாமையாற் படை இருந்தும் எழவில்லை. இத்தகையோர்க்குப் பிறரது எலும்பு மஜ்ஜையை ஏற்றலே உய்யும் நெறியாகும்.

மற்றொருபால், பிறரது சிறுநீரகத்தை ஏற்றோர்க்கு இவ்வெழுச்சியே தீங்காம். வந்த உறுப்பையும் நிணவணுக்கள் பகையென்றே தாக்கும். சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து கால்சினியூரினைத் தடுத்து அவற்றை அடக்குகின்றது. ஓரிடத்து எழுப்பவும், ஓரிடத்து அடக்கவும் மருத்துவர் நாடுவது இவ்வொரு வழியையே. கண்ணுக்குப் புலனாகாத இப்படலத்தின் சிறு மாறுதலில் மக்கள் உயிர் நிற்கின்றதென்பது உன்னுந்தோறும் வியப்பளிக்கின்றது.