கோழி இனத்தைக் காக்கும் இலட்சண நூல்

தரம் என்னும் சொல் நெசவாளர்க்குப் புதிதன்று. பாவில் இத்தனை இழை, ஊடையில் இத்தனை இழை, நீளமும் அகலமும் இவ்வளவு என்று குறித்து வைத்து, தறியிலிருந்து இறங்கும் துணியை அதனோடு ஒப்பிட்டே சங்கம் ஏற்றுக்கொள்ளுகிறது. விதைக்கதிரைப் பொறுக்கும் உழவரும் மனத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டே பொறுக்குகிறார். உயிருள்ள கோழிக்கும் இத்தகைய அளவுகோல் உண்டு. அதனைத் துணையாகக் கொண்டு, அழியும் நிலையிலிருந்த ஓர் இனத்தை அமெரிக்க நாட்டுக் கோழி வளர்ப்போர் மீட்டெடுத்த வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

நூல் பிறந்த வரலாறு

அமெரிக்காவின் முதற் கோழிக் கண்காட்சி 1849ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் நடைபெற்றது. பின்னர் இத்தகைய கண்காட்சிகள் பல ஊர்களிலும் பெருகின. எந்த இனத்திற்கு எவை இலட்சணங்கள் என்று அனைவரும் ஒப்பிய ஒரே விதி இல்லாவிடில், பரிசளிப்பது நடுவரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடும் அன்றோ? இக்குறையைப் போக்க 1873ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் கோழி வளர்ப்போர் கூடி அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தை நிறுவினர். அடுத்த ஆண்டே இலட்சண நூலின் முதற் பதிப்பு வெளிவந்தது. அந்நூல் அவ்வப்போது திருத்தப்பெற்று இன்றும் வழக்கில் உள்ளது.

ஒவ்வோர் இனத்தின் எடை, உடலமைப்பு, கொண்டை, கண், கணைக்கால், இறகின் நிறம் ஆகியவற்றை அந்நூல் விரிவாக விவரிக்கிறது. எவ்வெக் குறைகள் இருந்தால் பறவையை முற்றிலும் தள்ள வேண்டும் என்பதையும் அது கூறுகிறது.

கொண்டையும் நிறமும் வெறும் அலங்காரந்தானே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் சரியன்று என்பதைப் பக்கை என்னும் இனம் காட்டுகிறது. ஒஹையோ மாநிலத்தின் வாரன் என்னும் ஊரைச் சேர்ந்த நெட்டி மெட்காஃப் என்ற பெண்மணி இவ்வினத்தை உருவாக்கினார். பட்டைக்கோடுடைய பிளிமத்ராக் பெட்டைகளைப் பழுப்பு மஞ்சள் நிறக் கொச்சின் சேவலோடு சேர்த்து, அவற்றின் வழியில் சண்டைச் சேவலின் இரத்தத்தையும் அவர் கலந்தார். 1904ஆம் ஆண்டில் இவ்வினம் சங்கத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. சேவலுக்கு 9 இராத்தல், பெட்டைக்கு 6½ இராத்தல் என்பது நூல் வகுத்த எடை. கொண்டையோ பட்டாணிக் கொண்டை. தலையோடு ஒட்டித் தாழ்வாக இருப்பது. ஒஹையோவின் கடுங்குளிரில் உயர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை பனியால் கருகிவிடும். தாழ்ந்த கொண்டை எளிதில் கருகாது. ஆகவே, நூலில் எழுதப்பட்ட கொண்டை அழகுக்காக மட்டும் எழுதப்பட்டதன்று.

அடையாளமும் அவ்வாறே. சிவந்த நிறமுடைய ரோட் ஐலண்டு இனத்தோடு பக்கையை மேலோட்டமாகப் பார்ப்போர் குழப்பிக்கொள்ளலாம். முதுகின் இறகை விரித்துப் பார்த்தால், பக்கைக்கு அடித்தூவியில் கருஞ்சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரியும். இதனை அறியாதார் இரண்டையும் கலந்துவிட்டால், சில தலைமுறைகளில் இரண்டில் ஒன்று பெயரளவில் மட்டுமே எஞ்சும்.

நலிவு நேர்ந்த விதம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், இறைச்சி மிகுந்த கோழியை உருவாக்குவதற்காக ‘நாளைய கோழி’ என்னும் நாடு தழுவிய போட்டி அமெரிக்காவில் நடத்தப்பெற்றது. 1948ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் கார்னிஷ் இனத்தையும் நியூ ஹாம்ப்ஷயர் இனத்தையும் கலந்து பெற்ற கோழி முதற்பரிசு பெற்றது. அந்தக் கார்னிஷ் இனம் நம் நாட்டு அசில் கோழியின் இரத்தத்தைக் கொண்டு இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. இன்று உலகெங்கும் ஆறு ஏழு வாரங்களில் விற்பனைக்கு வரும் கறிக்கோழியின் முன்னோருள் கார்னிஷும் ஒன்று.

இக்கலப்புக் கோழியால் மலிவான இறைச்சி கிடைத்தது, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் குஞ்சுகள் பெற்றோரைப் போல் ஒரு சீராக அமைவதில்லை. ஒவ்வொரு முறையும் குஞ்சுக்காக நிறுவனத்தையே நாட வேண்டும். விதை பிறர் கையில், உழைப்பு மட்டும் நம் கையில் என்பதே அதன் பொருள். பாரம்பரிய இனமோ தன் வழியே தன்னைப் பெருக்கிக்கொள்வது. அதனை வைத்திருப்பவர் தம் விதையைத் தாமே வைத்திருப்பவராவார்.

பழைய இனங்கள் இருவகை அலட்சியத்தால் நலிந்தன. குஞ்சு விற்பனை ஒன்றையே கருதியோர் தேர்வின்றிப் பெருக்கினர். எடையும் உருவமும் குன்றின. கண்காட்சிப் பரிசு ஒன்றையே கருதியோர் இறகின் நிறத்தை மட்டும் நோக்கினர், முட்டை குறைந்தது. இரு சாராரும் நூலில் பாதியைப் படித்து மறுபாதியை விட்டவர்களே.

மீட்ட முறை

அமெரிக்கக் கால்நடை இனப் பாதுகாப்புக் கழகம் 2005ஆம் ஆண்டில் பக்கை இனத்தை மீட்கும் பணியைத் தொடங்கிற்று. அப்போது அவ்வினத்தின் எடை நூல் வகுத்த அளவுக்குக் குறைந்திருந்தது. பணியாளர்கள் குஞ்சுகளை எட்டாம் வாரத்திலும் பதினாறாம் வாரத்திலும் நிறுத்துப் பார்த்தனர். கண்ணால் மட்டுமன்றிக் கையாலும் சோதித்தனர். தலை அகன்றுள்ளதா, மார்புக்கூடு விரிந்துள்ளதா, முதுகு நெடுகிலும் தட்டையாகவும் அகலமாகவும் உள்ளதா, மார்பெலும்பு நீண்டுள்ளதா என்று பார்த்துத் தேர்ந்தனர். முட்டையிடும் பெட்டையின் இடுப்பெலும்புகளுக்கு நடுவே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருத்தல் வேண்டும் என்பதும் இச்சோதனையில் ஒன்று. மூன்று தலைமுறைகளுக்குள் சராசரி எடை கூடியது. விற்பனைக்கு முற்றும் காலம் குறைந்தது.

முதலில் கொட்டகையைக் கட்டு, பிறகு வண்ணம் பூசு என்று அந்நாட்டுக் கோழி வளர்ப்போர் கூறுவதுண்டு. முதலில் உடற்கட்டு, உயிர்வலிமை, முட்டை. அதன் பின்னரே நிறம் என்பது இதன் கருத்து.

2009ஆம் ஆண்டில் இக்கழகம் பாரம்பரியக் கோழிக்கு வரையறையும் வகுத்தது. இனம் இலட்சண நூலில் இடம்பெற்றிருத்தல், இயற்கையாக இணை சேர்தல், வெளியிற் சுற்றி நெடுநாள் வாழும் வலிமை, பதினாறு வாரத்திற்கு முன் விற்பனை எடையை எட்டாத மெதுவான வளர்ச்சி ஆகியவை அதன் முக்கிய விதிகள்.

செய்ய வேண்டுவன

எந்த இனத்தைத் தூய்மையாக வளர்க்க விரும்பினாலும் இம்முறைகள் பொருந்தும். முதலாவது, வேண்டிய அளவுக்கு மேல் குஞ்சு பொரிக்கச் செய்து, கண்டிப்பாகக் கழித்தல். விரல் கோணிய குஞ்சும் அலகு வளைந்த குஞ்சும் தொடக்கத்திலேயே இனவிருத்திக்கு ஆகாதவை. பத்து விடைச்சேவல்களில் மிகச் சிறந்த ஒன்றை நிறுத்தினால் போதுமானது. எஞ்சியவை சமையலுக்கும் சந்தைக்கும் பயன்படும்.

இரண்டாவது, நெருங்கிய உறவில் இனஞ்சேர்க்காதிருத்தல். உறவு நெருங்க நெருங்க முட்டைகள் பொரிப்பது குறையும், குஞ்சுகள் வலுவிழக்கும். இதற்கு எளிய வழி, மந்தையை மூன்று குடும்பங்களாகப் பிரிப்பது. முதற் குடும்பத்தின் சேவல் இரண்டாவதற்கும், இரண்டாவதன் சேவல் மூன்றாவதற்கும், மூன்றாவதன் சேவல் முதலாவதற்கும் ஆண்டுதோறும் செல்லவேண்டும். விடைக்கோழிகள் தாயின் குடும்பத்திலேயே தங்கிவிடும்.

மூன்றாவது, அடையாளமும் கணக்கும். குஞ்சு பொரித்ததும் கால்விரல்களுக்கு இடையேயுள்ள நான்கு சவ்வுகளில் துளையிட்டும் இடாமலும் பதினாறு வகையான அடையாளங்கள் செய்யலாம். எந்தக் குஞ்சு எந்தக் குடும்பத்தது, எந்த வாரத்தில் என்ன எடை என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். கணக்கின்றிச் செய்யும் தேர்வு ஊகமேயாகும்.

மூன்று குடும்பங்களையும் ஒரே வீட்டில் வைத்திருப்பது சிறு விவசாயிக்கு எளிதன்று. மூன்று அங்கத்தினர்கள் ஆளுக்கொரு குடும்பத்தை ஏற்று, ஆண்டுக்கு ஒருமுறை சேவலை மாற்றிக்கொண்டால் காரியம் எளிதாகும். ஒரு வீட்டில் நோய் புகுந்து மந்தை மடிந்தாலும், இனம் மற்ற இரு வீடுகளில் தப்பியிருக்கும். ஒருவர் கண்ணுக்குத் தப்பிய குறை மற்றவர் கண்ணிற் படும். இலட்சண நூல் ஒருவர் எழுதியதன்று. பலர் கூடி ஒப்புக்கொண்டது. அதன்படி இனத்தைக் காப்பதும் பலர் கூடிச் செய்ய வேண்டிய பணியேயாகும்.