காருக்கும் ஒரு பேரேடு வேண்டும்



ஒரு மூட்டை துவரம்பருப்பு வந்தாலும் பில் பார்த்து, எடை பார்த்து, இருப்புப் புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் குடோனில் அடுக்குகிறோம். அப்படிப்பட்ட நாமே, வீட்டில் நிற்கும் ஒரு பொருளுக்குப் பல லட்சம் செலவழிக்கும்போது கணக்கை மறந்துவிடுகிறோம். இதை ஊருக்கு உபதேசமாக எழுதவில்லை. என் சம்பந்திக்கும் எனக்கும் ஒரே வெள்ளத்தில் கிடைத்த பாடத்தையே எழுதுகிறேன்.

சம்பந்தி சிதம்பரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய தகப்பனார் வைத்திருந்தது 1966-ம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கமெல்லாம் பெரியவர் அதில்தான் வசூலுக்குப் போவார். சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த கார் அது. மூலவடிவம் 1959-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியர் மிச்சலாட்டி. 1962-ல் வந்த புகழ்பெற்ற ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரை இந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தை வைத்தே உருவாக்கினார்கள். ஆகவே நம் ஊர் ஹெரால்டு, ஸ்போர்ட்ஸ் காருக்குப் பங்காளி முறை என்று சம்பந்தி பெருமையாகச் சொல்லுவார். 1980-களின் கடைசியில் கம்பெனியே மூடப்பட்டுவிட்டதால், உதிரி பாகம் தேடுவது பெரும் வேலை.

பெரியவர் காலமான பிறகு கார் கொட்டகையில் பல வருடம் துருப்பிடித்துக் கிடந்தது. சம்பந்தி அதை மூன்று வருடம் பாடுபட்டு ஓடவைத்தார். டிங்கர் வேலை, பெயிண்ட், சீட், என்ஜின் எல்லாம் சேர்ந்து ஆறரை லட்சம் ஆயிற்று என்பது அவருடைய மனக்கணக்கு. மனக்கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும். பாதிக்கு மேல் துண்டுச் சீட்டு, மீதிக்குச் சீட்டும் இல்லை.

இன்சூரன்ஸ் போடும்போது ஏஜெண்ட், "பழைய வண்டி சார், 75,000 மதிப்பு போட்டால் போதும், பிரீமியமும் குறையும்" என்றார். சம்பந்தி என்னிடம் கேட்டார். "போதும் சம்பந்தி, வருஷத்துக்கு நாலு தடவை ஓடுற வண்டிக்கு எதுக்கு வீண் செலவு" என்று சொன்னவன் நான்தான்.

வெள்ளம் வந்த அன்று

2024 நவம்பர் கடைசியில் கடலூரில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஹெரால்டு வந்தது. முடிந்ததும் என் குடோனில் நிறுத்திவிட்டுச் சிதம்பரம் திரும்பினார்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்துக் கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. 2011-ல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த நமக்கு இது புதிதல்ல. இருந்தும் என் குடோனில் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது சர்க்கரையையும் பருப்பையும் காப்பாற்றுவதா, காரைக் காப்பாற்றுவதா என்று கைகால் ஓடவில்லை. சர்க்கரை கரைந்தது. கார் சீட் வரை மூழ்கியது.

தண்ணீர் வடிந்ததும் என் ஆள் ஒருவன் ஆர்வத்தில் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டான். இதுதான் பெரிய தப்பு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுழற்றினால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்துபோகும். அது வெள்ளத்தால் வந்த சேதமல்ல, பிறகு செய்த காரியத்தால் வந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஒதுக்கிவிட இடமுண்டு. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கயிறு கட்டி இழுத்துப்போக வேண்டும்.

கைக்கு வந்தது எவ்வளவு?

ஒர்க்ஷாப்பில் எஸ்டிமேட் 2,40,000 ரூபாய். சர்வேயர் வந்து பார்த்தார். பழுதுச் செலவு பாலிசி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு நஷ்டமாகவே கணக்கில் எடுப்பார்கள். மதிப்பே 75,000 ஆனதால் தாண்டுவதற்கு அதிக தூரம் இல்லை. காரை ஒப்படைத்துவிட்டால் ஏறக்குறைய முழு 75,000 கிடைக்கும். அப்பா ஓட்டிய காரைப் பழைய இரும்பாகக் கொடுக்க சம்பந்திக்கு மனம் வரவில்லை. காரை அவரே வைத்துக்கொண்டதால் உடைந்த வண்டிக்கு மதிப்பாக 25,000, நாம் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 கழித்து, வந்தது 49,000 ரூபாய். ஆறரை லட்சம் செலவுக்குச் சான்று காட்டச் சொன்னபோது எங்கள் கையில் எதுவும் இல்லை.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

என் கதை அதற்கும் சளைத்ததல்ல. குடோனில் 30 லட்சம் சரக்கு இருந்தது. பிரீமியத்தை மிச்சப்படுத்த 15 லட்சத்துக்குத்தான் பாலிசி எடுத்திருந்தேன். நஷ்டம் 4 லட்சம். 15 லட்சத்துக்குள்தானே, முழுசாகக் கிடைக்கும் என்று நினைத்தேன். பாதி மதிப்புக்குக் காப்பீடு எடுத்தால் நஷ்டத்திலும் பாதிதான் என்று விகிதம் போட்டு 2 லட்சம் கொடுத்தார்கள். நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரே இடத்தில் 5 கோடி வரை சொத்து உள்ள சிறு வணிகர்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், பற்றாக்குறை 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. என்னுடையது 50 சதவீதம். எந்தச் சலுகையும் காப்பாற்றாது.

சட்டம் என்ன சொல்கிறது?

புது வண்டியின் மதிப்பை வருடத்துக்கு இவ்வளவு என்று அட்டவணைப்படி குறைத்துக்கொண்டே வருவார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கும் அட்டவணை இல்லை. கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான் மதிப்பு. ஆகவே 75,000 என்பது யாரும் விதித்ததல்ல. நாங்கள் பேசாமல் விட்டதால் வந்தது.

1940-க்கு முன் தயாரான கார்களுக்கு, கிளப் சான்று இருந்தால், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்குப் பாலிசி தரும் முறை மோட்டார் கட்டண விதிகளிலேயே உண்டு. ஹெரால்டு போன்றவற்றுக்கு நாமாகவே மதிப்பு அறிக்கை கொடுத்துப் பேச வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வாகனங்களைப் பழம்பெரும் வாகனமாக 'வி.ஏ.' எண்ணில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும்; மறுபதிவுக்கு 5,000. சேஸிஸ், பாடி, என்ஜின் மாற்றப்படாமல் இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த கார்களுக்கு 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதச் சலுகையும் வந்தது. ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே ஓட்டலாம். வசூலுக்குப் போக முடியாது. எது வேண்டும் என்று யோசித்துப் பதிய வேண்டும்.

இப்போது சம்பந்தி செய்வது

காரை மறுபடியும் சரிசெய்துவிட்டார். இந்த முறை கடைக் கணக்குப்பிள்ளையே காருக்கும் பேரேடு எழுதுகிறார். அதில் உள்ளவை:

1. ஆர்.சி. புத்தகம், வாரிசு பெயருக்கு மாற்றியது. தகப்பனார் பெயரிலேயே விட்டுவைத்தால் கிளெய்ம் நேரத்தில் தொல்லை.

2. சேஸிஸ், என்ஜின் எண்களின் பென்சில் அச்சு. என்ஜினோ, நிறமோ மாறினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிய வேண்டும். ஆர்.சி.யில் ஓர் எண், வண்டியில் ஓர் எண் என்றால் பணம் வராது.

3. வேலைக்கு முன், நடுவில், பின் என்று தேதியோடு படங்கள்.

4. உதிரி பாகத்துக்கு ஜி.எஸ்.டி. பில், டிங்கர், பெயிண்டர் கூலிக்குக் கையெழுத்து ரசீது, பணம் முடிந்தவரை வங்கி வழியாக.

5. உரிமம் பெற்ற சர்வேயரின் மதிப்பு அறிக்கை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தது.

6. இவற்றின் நகலை கம்பெனிக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கிய கடிதம்.

ஒரு பிரதி சிதம்பரத்தில், ஒரு பிரதி என்னிடம், ஒன்று பையனுடைய கம்ப்யூட்டரில். வெள்ளம் வந்தால் காகிதமும் நனையும் அல்லவா?

இவ்வளவு செய்தாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சிறு பழுதென்றால், பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோக பாகத்துக்கும், ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதி விலை கழிப்பார்கள். சொந்தக் காரைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் பாலிசியே செல்லாமல் போகும்.

இப்போது பாலிசியில் மதிப்பு ஐந்து லட்சம். ஆறு லட்சம் கேட்டோம். பேசி ஐந்துக்கு ஒத்துக்கொண்டார்கள். பிரீமியம் கூடியதைச் சொன்னபோது சம்பந்தி சிரித்தார்: "போன தடவை மிச்சம் பிடிச்சது போதும், வாங்க ஒரு ரவுண்டு போகலாம்" என்றார். தெற்கு வீதியில் இறங்கி நான்கு வீதியும் சுற்றி வந்தோம்.

ஹெரால்டு எல்லாரிடமும் இருக்காது. அப்பா வைத்த தராசு, பழைய லாரி, குடோன் கட்டடம் என்று ஏதாவது ஒன்று நம் எல்லாரிடமும் இருக்கிறது. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அதன் பில்லையும் பாலிசியையும் எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.