மனைக்கு நடு எது?

ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில் இரயில் பாதையை ஒட்டிய சிற்றூர் ரெங்கம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான அந்தப் பாதை 1909இல் நிறைவுற்றது. இத்தகைய ஊர்களின் நில வரைபடத்தில் எல்லா மனைகளும் நீள்சதுரமாக அமைவதில்லை. தண்டவாளமோ ஓடையோ சாய்வாக வெட்டிச் செல்லும் இடத்தில் முக்கோணம் மிஞ்சும். பின்மனைக்கு வழிவிட்ட இடத்தில் 'ட' வடிவம் வரும். ஒவ்வொன்றின் உள்ளேயும் அதன் லாட் எண்ணை, அதாவது மனை எண்ணை, நடுவில் எழுத வேண்டும். அந்த நடு எது?

பக்கங்கள் 30, 40, 50 மீட்டர் கொண்ட செங்கோண முக்கோண மனையை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி, செங்கோணத்தின் இரு பக்கங்களை ஒட்டி, ஒரு நீள்சதுரப் பெட்டி வரைந்து, பெட்டியின் நடுவைப் பிடிப்பது எளிய வழி. ஆனால் அந்தப் புள்ளி 50 மீட்டர் எல்லைக்கோட்டின் மேலேயே விழுகிறது! எண்ணில் பாதி பக்கத்து மனைக்குப் போய்விடும்.

அடுத்த வழி ஈர்ப்பு மையம். மனையின் வடிவத்தை அட்டையில் வெட்டி ஊசிமுனையில் நிறுத்தினால் சாயாமல் நிற்கும் புள்ளி அது. நம் முக்கோணத்தில் அது மிக அருகிலுள்ள எல்லையிலிருந்து 8 மீட்டர் உள்ளே அமைகிறது. முன்னதைவிட நல்லதுதான். ஆனால் மெல்லிய 'ட' வடிவ மனையில் ஈர்ப்பு மையம் மனைக்கு வெளியே விழுந்துவிடும். எண் அயலாரின் நிலத்தைக் குறிக்கும்.

மூன்றாவது வழிதான் அழகானது. எல்லைகளை விட்டு எவ்வளவு உள்ளே போக முடியுமோ அவ்வளவு உள்ளே இருக்கும் புள்ளியைத் தேடுவது. மனைக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் மையம் அது. நம் முக்கோணத்தில் மூன்று எல்லைகளிலிருந்தும் சரியாக 10 மீட்டர். எந்த வடிவமானாலும் இந்தப் புள்ளி வெளியே போகவே போகாது. தென் பசிபிக்கில் நிலத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள 'நீமோ புள்ளி'யை 1992இல் கணினியால் கண்டறிந்ததும் இதே கேள்வியால்தான். பெருங்கடலுக்குக் கேட்டதை ஒரு வீட்டுமனைக்கும் கேட்கலாம் என்பது கணிதத்தின் பெருமை.

கணினி இதை எப்படித் தேடுகிறது? 2016இல் விளாடிமிர் அகாஃபோன்கின் வெளியிட்ட 'பாலிலேபிள்' நிரல், மனையைச் சதுரக் கட்டங்களால் மூடுகிறது. ஒவ்வொரு கட்டத்தின் மையமும் எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கிறது. இதுவரை கிடைத்த விடையை வெல்ல வாய்ப்பில்லாத கட்டங்களை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை நான்காகப் பிரித்து மேலும் தேடுகிறது.

இடம் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. எழுத்துக்கும் ஒரு நடு உண்டு. 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இதற்கு இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. 'மிடில் சென்டர்', ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தில் பாதியை நடுவாகக் கொள்கிறது. 'மிடில்', எழுத்துகள் நிற்கும் கோட்டுக்குக் கீழே இறங்கும் பகுதியையும் சேர்த்து அளக்கிறது. எண்களுக்கு முதலாவது போதும். 'குளுவாங்' என்று தமிழில் எழுதினால், கு, ளு இரண்டும் கீழே இறங்கும். முதல் தெரிவில் அந்த இறக்கம் கணக்கில் வராமல் சொல் தாழ்ந்து தெரியும். ஆகவே தமிழில் பெயர் எழுதுபவர் இரண்டாவதைத் தேர்வதே முறை.

வரைபடத்தில் எண் எங்கே நிற்கிறதோ அந்த நிலத்தைத்தான் வாசிப்பவர் அந்த எண்ணுக்கு உரியதாக எடுத்துக்கொள்வார். அதனால்தான் ஒரு சிறு எண்ணை நடுவில் வைப்பதற்கு இத்தனை கணிதம் தகும்.