குண்டூசியும் குடல்வாலும்

நம் வயிற்றின் வலப்புறம் கீழே, பெருங்குடல் தொடங்கும் இடத்தில், சுண்டுவிரல் போன்ற சிறு குழல் ஒன்று தொங்குகிறது. அதுவே குடல்வால். அதில் அழற்சி ஏற்பட்டால் அறுவை சிகிச்சை செய்து அகற்றுவார்கள் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், வெற்றிகரமாக அகற்றப்பட்டதாகப் பதிவாகியுள்ள முதல் குடல்வால் தன் இடத்திலேயே இல்லை என்பது வியப்பன்றோ!

1735ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் கிடத்தப்பட்டிருந்தான். குழந்தைப் பருவம் முதலே அவனுக்குக் குடலிறக்கம் இருந்தது. வயிற்றுச் சுவர் பலவீனமான இடத்தில் உள்ளுறுப்பு பிதுங்கி, தோலுக்கடியில் பை போல வீங்குவதையே அவ்வாறு கூறுகிறோம். போதாக்குறைக்குத் தொடையில் ஆறாத புண் வேறு; அதன் வழியே மலம் கசிந்தது. இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் அறுவை மருத்துவர் கிளாடியஸ் அமியாண்ட் அந்தப் பையைத் திறந்தார். உள்ளே இருந்தது குடல்வால்! அதைத் துளைத்தபடி ஒரு குண்டூசி. ஊசியைச் சுற்றிக் கல்போன்ற படிவு. சிறுவன் எப்போதோ விழுங்கியது அது. (தையல் வகுப்பில் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்ளும் தோழியர் இவ்வரியை மறுமுறை படிக்கலாம்.)

அறுவை ஏறத்தாழ அரைமணி நேரம் நீடித்தது. மயக்க மருந்தாக ஈதர் பயன்படுவதை உலகம் கண்டது 1846இல்தான். அச்சிறுவன் பட்ட வேதனையை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலவில்லை. அமியாண்ட் குடல்வாலைக் கட்டி வெட்டினார். சிறுவன் பிழைத்தான். இந்நோய்க்கு 'அப்பெண்டிசைடிஸ்' என்று பெயர் சூட்டப்பட்டதே 1886இல்தான்.

குடலிறக்கப் பைக்குள் குடல்வால் சிக்கும் நிலையை இன்று 'அமியாண்ட் ஹெர்னியா' என்கின்றனர். மிக அரிது, இடுப்பு மடிப்பில் வரும் குடலிறக்கங்களில் நூற்றுக்கு ஒன்று அளவே. அதனால் முன்கூட்டி எவரும் ஐயுறுவதில்லை. உள்ளே போய் வந்துகொண்டிருந்த வீக்கம் ஒருநாள் உள்ளே போக மறுக்கும், கல்லாக இறுகும், வலியும் வாந்தியும் வரும். குடல் நெரிபட்டுவிட்டதென்று அவசரமாகத் திறக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். இத்தகைய வீக்கத்தைப் பெண்கள் வெட்கத்தால் மறைப்பதுண்டு. அந்த வெட்கம் உயிருக்கே ஆபத்தாகும்.

அழுகிய குடல்வாலை அகற்றியே ஆகவேண்டும். சீழ் பிடித்த இடத்தில், வயிற்றுச் சுவரைப் பலப்படுத்தும் செயற்கை வலையைப் பொதுவாக வைப்பதில்லை. நல்ல நிலையில் இருந்தால்? பலர் அதை உள்ளே தள்ளிச் சுவரை மட்டும் தைக்கிறார்கள். இளவயதினராயின் எடுத்துவிடுவோரும் உண்டு.